மட்டி இல்லாத மட்டித் திருவிழா

கீழக்குடியிருப்பு,
21.1.2024

தம்பி ஆனந்தராஜுக்கு,

போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். நீ எடுக்கல. அப்புறம் அடிச்சா போகவே மாட்டேங்குது. நீ என் நம்பரை பிளாக் பண்ணிட்டன்னு பக்கத்து வீட்டுப் புள்ள பாத்துச் சொல்லுச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும். குணசேகரன் அண்ணன் வண்டிதான் தெனமும் இங்கிருந்து ஒன் மெஸ்ஸுக்கு மீன் ஏத்திக்கிட்டு அன்னவாசல் வருதே, அந்த ஐஸ் பெட்டி மேல வச்சு இந்தக் கடுதாசியைக் குடுத்து விடுறேன். போன் மாதிரி இதைப் பாதியில கட் பண்ண முடியாது.

ஊர்க்கூட்டத்துல நான் பேசினதை யாரோ வீடியோ எடுத்துத் துண்டா வெட்டிப் போட்டிருக்கான். அதைப் பாத்துட்டுத்தான் நீ குதிக்கிற. முழுசாக் கேளு.

மாசி மாசம் நம்ம உப்பங்கழியில மட்டிச் சிப்பி எடுக்குற பொம்பளைங்க சங்கம் சேர்ந்து மட்டித் திருவிழா நடத்துறோம்னு ஒனக்குத் தெரியும். சமையலுக்கு நானே வந்து நிக்கிறேன்னு சொன்னவனே நீதான். எதுக்கு நடத்துறோம்? வெளியூர்ச் சனம் வந்து நம்ம மட்டியைச் சாப்பிடணும். சாப்பிட்டுட்டு, இம்புட்டு ருசியானது வெளையிற கழியில சாக்கடையை விடலாமான்னு அவங்களே கேக்கணும். அதுக்குத்தான்.

வர்றவங்களுக்குப் போடப்போறோமேன்னு கழித் தண்ணியையும் மட்டியையும் சோதனைக்குக் குடுத்தோம். மீன்வளக் காலேஜ்ல இருக்காங்களே ஷர்லி மேடம், அவங்ககிட்ட நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். நல்ல சர்டிபிகேட்டா வரும், பெரிய பேனர்ல அடிச்சு ரோட்டுல கட்டலாம்னு நெனச்சுக் குடுத்தேன்.

அவங்க பேப்பரை அனுப்பல. நேர்லயே வந்தாங்க. குடுத்த டீயைத் தொடல. "அக்கா, இந்த மட்டியை இப்ப யாருக்கும் போடாதீங்க"ன்னாங்க. மட்டி தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வடிகட்டுற உயிராம். தண்ணியில மலக்கழிவு கலந்தா அந்தக் கிருமியெல்லாம் அது வயித்துக்குள்ளதான் தங்குமாம்.

"கொதிக்க வச்சா செத்துராதா?"ன்னு கேட்டேன்.

"முழுசா வெந்தா சாகும்கா. எல்லாரும் முழுசா வேக வப்பாங்கன்னு நீங்க சொல்லுவீங்களா? சூப்பு, அரைவேக்காடுன்னு ஒருத்தர் சாப்பிட்டாக்கூட மஞ்சக்காமாலை வரைக்கும் போகும். நான் என் புள்ளைக்குத் தரமாட்டேன்"னாங்க.

அதுக்கப்புறம் நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு. கூட்டத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டேன். நம்ம மட்டி இப்ப சாப்பிடுற நெலமையில இல்ல, தண்ணி தேறுற வரைக்கும் சங்கம் மட்டி எடுக்காதுன்னு. நீயும் மெஸ்ஸுல போடாத.

திருவிழாவை நிறுத்தல. வருவியா, வரமாட்டியா?

அக்கா,
செல்வராணி


அன்னவாசல்,
23.1.2024

திருமதி செல்வராணி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதம் ஐஸ் தண்ணீரில் நனைந்து வந்தது. படிக்க முடிந்தவரை படித்தேன்.

நீங்கள் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். இந்த ஊர் நெல்லும் கடலையும் விளையும் ஊர். மட்டி என்றால் நத்தையா என்று முகத்தைச் சுளித்தவர்கள் இவர்கள். ஒவ்வொருத்தராக உட்கார வைத்து, "ஒரு வாய் தின்னு பாருங்க, பிடிக்கலைன்னா காசு வேண்டாம்" என்று சொல்லிப் பழக்கினேன். இன்றைக்கு சித்தன்னவாசல் குகை ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கி வருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "மணமேல்குடி மட்டி எந்தக் கடையில?" என்று நம் வட்டாரப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். மெஸ் போர்டில் பெரிய எழுத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

நேத்து மத்தியானம் ஒரு பேங்க் ஆளு, மாசக் கணக்குல சாப்பிடுறவரு, இலையில மட்டியை மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சுட்டு போனை நீட்டுறாரு. "இதுல பேசுறது ஒங்க ஊரு அம்மாவா?" ஆமான்னா சொல்றதா, இல்லைன்னா சொல்றதா அக்கா?

ஊரே சேந்து தின்ன மட்டிதானே? யாரு செத்துப் போனா? சத்தமில்லாம திருவிழாவை நடத்தி முடிச்சுட்டு, அப்புறமாக் கழியைச் சுத்தம் பண்ணியிருக்கலாம். ஒன் ஒரு பேச்சுல ஒங்க சங்கத்துப் பொம்பளைங்க அத்தனை பேரு பொழப்பும் போச்சு, என் பொழப்பும் சேந்து போச்சு. ஊர் பேரும் போச்சு.

நான் வரல. நீ எடுக்கலைன்னா வேற ஆளு மட்டி எடுத்துத் தருவான்.

ஆனந்தராஜ்


கீழக்குடியிருப்பு,
20.2.2024

தம்பி,

'அவர்களுக்கு' போட்டு ஆரம்பிச்சவன் ரெண்டு பத்தி தாங்கல, 'அக்கா'ன்னு வந்துட்ட. படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். அது கெடக்கட்டும்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை திருவிழா நடந்துச்சு. நீ வீடியோவுல துண்டு துண்டாப் பாக்குறதுக்கு முன்னாடி நானே எழுதிருறேன்.

மொதல்ல, எங்க சங்கத்துச் செவந்தி. நான் கூட்டத்துல பேசின மறுநாள், வீட்டு வாசல்ல நின்னு தெருவே கேக்கக் கத்துனா. "ஒனக்கு மஸ்கட்லேருந்து புருஷன் அனுப்புறாரு. எனக்குக் கழிதான் சம்பளம். நீ யாருடி அதை நிறுத்துறதுக்கு?" அவ சொன்னது நெசம். அதுக்கப்புறம் சங்கத்துப் பக்கமே வரல.

மட்டி இல்லாம என்ன திருவிழான்னு ஊரே கேலி பண்ணுச்சு. வெளிக்கடல்ல பிடிச்ச நண்டும் இறாலும் போடுறதுன்னு முடிவு பண்ணோம். போட்டுக்காரங்க சும்மாவே குடுத்தாங்க. விடிஞ்சதும் நண்டைக் கழுவிக்கிட்டு இருக்கேன், செவந்தி வாரா. தலையில ஒரு கூடை நண்டு. டொப்புன்னு எறக்கி வச்சா. "பேசுறதுக்கு வரல. வேலை பாக்க வந்தேன்"னா. சரின்னு அருவாமனையை நகத்தி வச்சேன்.

நல்ல கூட்டம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டையிலேருந்துகூட வந்திருந்தாங்க. சாப்பாடு நடந்துக்கிட்டு இருக்கும்போது ஒரு ஆளு தட்டைத் தூக்கிக் காமிச்சு, "ஏங்க, மட்டித் திருவிழான்னு பேனர் கட்டியிருக்கீங்க, மட்டி எங்கங்க?"ன்னு சத்தமாக் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

"கழியிலதாங்க இருக்கு. வாங்க, காட்டுறேன்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு நடந்துட்டேன். நெனச்சு வச்சுச் சொன்னது இல்லடா. வாயில வந்துருச்சு. திரும்பிப் பாத்தா மொத்தக் கூட்டமும் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே பின்னாடி வருது. நாங்க விருந்துக்குக் கூப்பிட்டிருந்த யூனியன் ஆபீசரும் வாராரு.

கரைக்குப் போனோம். தண்ணி கருப்பா நுரை கட்டிக் கெடக்கு. செப்டிக் டேங்க் லாரி வந்து ஊத்திட்டுப் போன தடம் ஈரம் காயாம இருக்கு. நாத்தம் தாங்காம ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையில நண்டுத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் சொன்னேன்: "மட்டி இங்கதாங்க வெளையுது. நாங்க இடுப்பளவு இதுக்குள்ள நின்னுதான் எடுத்தோம். இதை ஒங்களுக்குப் போட எங்களுக்கு மனசு வரல. அடுத்த மாசியில வாங்க, மட்டி போடுறோம். அதுவரைக்கும் இந்தத் தண்ணியைப் பத்தி நாலு பேருக்கிட்ட சொல்லுங்க."

கேள்வி கேட்டாருல்ல, அந்த ஆளு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆபீசர் லாரித் தடத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டாரு.

ஊர் பேரு போச்சுன்னு எழுதியிருந்த. அன்னைக்கு அந்தக் கரையில நீ நின்னிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்ட.

அக்கா


அன்னவாசல்,
15.3.2024

அக்கா,

இந்தக் கடுதாசியைப் படிச்சுட்டு நான் தோத்துட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாத.

சொன்ன மாதிரியே வேற ஒருத்தன்கிட்ட மட்டி வாங்கினேன். நம்ம கழி மட்டிதான். திருட்டுத்தனமா எடுத்துக் குடுத்தான். கொதிக்கக் கொதிக்க வச்சுப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க, சிவரஞ்சனின்னு பேரு. முழுகாம இருக்காங்க. போன திங்கக்கெழமை வந்து உக்காந்தாங்க. "அண்ணே, எதைத் தின்னாலும் கொமட்டுது. ஒங்க மட்டி சூப் மட்டும் கொஞ்சம் குடுங்க, அதுதான் எறங்கும்"னு கேட்டாங்க.

சூப் அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. மொளகு வாசம் அவங்களுக்கே வந்திருக்கும். நான் கிண்ணத்தை எடுத்தேன். எடுத்துட்டு, "இன்னைக்கு இல்லம்மா"ன்னுட்டேன்.

எலை போடுற நம்ம சேவுகன் சும்மா இருப்பானா? "அண்ணே, அடுப்புலதான இருக்கு!"

"இல்லைன்னா இல்லைடா."

அவங்க ரசம் சாதம் சாப்பிட்டுட்டுப் போனாங்க. அடுத்த மேஜையில ஒரு பெரியவரு, "அந்தச் சூப்பை எனக்குக் குடுப்பா"ன்னாரு. என்னால முடியலக்கா. அந்தப் புள்ளைக்குக் குடுக்க முடியாததை இவருக்கு மட்டும் எப்படிக் குடுப்பேன்? பானையோட கொண்டு போய்ப் பின்னாடி குழி தோண்டி ஊத்தி மூடிட்டேன். சேவுகன் எனக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சுன்னு நெனச்சிருப்பான்.

போர்டுல மட்டிங்கிற எழுத்து மேல பேப்பர் ஒட்டியாச்சு. யாரு கேட்டாலும், "எங்க ஊருக் கழி சுத்தமாகட்டும், அப்ப போடுறேன்"னு சொல்லுறேன். வியாபாரம் கொறஞ்சுதான் போச்சு. ஆனா, ஏன்னு கேட்டு உக்காந்து பேசிட்டுப் போறாங்க.

ஒன் நம்பரை பிளாக்லேருந்து எடுத்து விட்டுட்டேன். ஆனா போன் பண்ணாத. போன்ல நம்ம ரெண்டு பேரும் ஒழுங்காப் பேசி நான் பாத்ததில்ல. எழுது.

ஆனந்தராஜ்


கீழக்குடியிருப்பு,
5.9.2024

தம்பி,

ரொம்ப நாளாச்சு எழுதி. உக்கார நேரம் இல்ல.

லாரி நின்னுருச்சு. சும்மா நிக்கல. சித்திரை வெயில்ல பட்டப்பகல்ல நாங்க போய் வழியை மறிச்சோம். வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தது யாருங்குற? நம்ம தெரு அருள்மணி. "அக்கா, நகருங்கக்கா. நான் கூலிக்கு ஓட்டுறவன். மொதலாளி திட்டுவாரு"ன்னு கெஞ்சுறான்.

செவந்தி மட்டி எடுக்குற அலுமினியக் குண்டானை அவன் முன்னாடி வச்சா. "வா, இது நெறைய நீ கொண்டாந்ததைப் பிடி. ஒன் மொதலாளி வீட்டு அடுப்படியில ஊத்திட்டு வருவோம். அவருக்கு அது சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்"னா. அருள்மணி எறங்கி வந்து சாவியை எங்ககிட்டக் குடுத்துட்டு மண்ணுல உக்காந்துட்டான். தாலுகா ஆபீஸ்லேருந்து ஆளு வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப லாரியெல்லாம் டவுன்ல இருக்குற சுத்திகரிப்பு நெலையத்துக்குத்தான் போகுது. நாங்க மொறை வச்சுக் கரையில காவலும் இருக்கோம்.

ஊரே கொண்டாடுச்சு. அன்னைக்குப் பாத்து ஷர்லி மேடம் வந்து இன்னொண்ணைச் சொல்லிட்டாங்க. லாரி ஊத்துனது பாதிதானாம். மீதி நம்ம வீட்டுக் கக்கூஸ் குழாயும் மீன் மார்க்கெட் கழுவுற தண்ணியும்.

அடுத்தவன் லாரியை மறிக்கக் கூட்டம் வந்துச்சுடா. அவனவன் குழாயை மறிக்கச் சொன்னா ஒருத்தனும் வரல. சரின்னு மொதல்ல என் வீட்டுக் கொல்லையிலதான் குழி தோண்டினேன். அடுத்தது செவந்தி வீடு. அதுக்கப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா வந்தாங்க. இப்பத் தெருவுல முக்காவாசி வீட்டுக்கு ஒறிஞ்சு குழி இருக்கு. மார்க்கெட் தண்ணிக்குப் பஞ்சாயத்து தொட்டி கட்டிருச்சு.

சந்தோசமானது ஒண்ணு. கழி கடல்ல சேருற வாய் மணல் மேவி அடைச்சுக் கெடந்துச்சுல்ல, அதை நூறு நாள் வேலையில வெட்டி விட்டோம். கடைசி மண்ணை வெட்டுனதும் கடல் ஏத்தத் தண்ணி உள்ள வந்துச்சு பாரு! பச்சையா, குளுகுளுன்னு, காலைத் தொட்டுக்கிட்டு ஓடுச்சு. பொம்பளைங்க மம்பட்டியைப் போட்டுட்டுக் கத்துறாங்க. செவந்தி ஓரமா நின்னு மூக்கைச் சிந்துறா. "என்னடி"ன்னேன். "ஒண்ணுமில்ல, உப்பு பட்டுருச்சு"ன்னா.

கஷ்டம் இல்லாம இல்ல. செவந்தி கருவாடு காயப்போடப் போறா. சில பேரு திருப்பூர் போயிட்டாங்க. மட்டி எடுக்காத ஒவ்வொரு மாசமும் எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது. மழை முடிஞ்சு மறுபடி சோதிக்கணும். அதுல என்ன வருமோ.

அக்கா


அன்னவாசல்,
8.1.2025

அக்கா,

பொங்கலுக்குச் சேலை குடுத்து விட்டிருக்கேன். ஒனக்கு ஒண்ணு, செவந்திக்கு ஒண்ணு. கலர் பிடிக்கலைன்னா ரெண்டு பேரும் மாத்திக்கங்க. என்கிட்ட வராதீங்க.

சோதனை என்னாச்சு? மார்கழி பொறந்ததுமே குடுத்துட்டன்னு குணசேகரன் அண்ணன் சொன்னாரு. அதுக்கு மேல கேட்டா தலையைச் சொறியுறாரு. நல்ல சேதின்னா நீ இந்நேரம் மெஸ்ஸுக்கே ஓடி வந்திருப்ப. அதான் கேக்கவும் பயமா இருக்கு.

எப்படி இருந்தாலும் எழுது. மறுபடி மட்டி இல்லாமத்தான் திருவிழான்னாலும் இந்தத் தடவை சமையல் என்னுது. கடையைப் பூட்டிட்டு வாரேன்.

டீச்சருக்குப் பொம்பளைப் புள்ள பொறந்திருக்கு. கொண்டாந்து காமிச்சாங்க.

ஆனந்து


கீழக்குடியிருப்பு,
10.2.2025

ஆனந்து,

பாஸாயிருச்சுடா!

மார்கழியில எடுத்தது பெயிலு. அதான் எழுதல. மார்க்கெட் பக்கத்து மட்டியில மட்டும் இன்னும் கிருமி இருந்துச்சு. ஒரு வருசம் வயித்தைக் கட்டினது வீணான்னு பொம்பளைங்க அழுதாங்க. செவந்தி மட்டும் அழுகல. கம்பை எடுத்துக்கிட்டு மார்க்கெட்லேருந்து கழி வரைக்கும் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே போனா. புதைச்ச குழாய் ஒண்ணு மண்ணுக்குள்ள ஒடைஞ்சு கசிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அதை மாத்திட்டு, மறுபடி சோதனைக்குக் குடுத்தோம்.

நேத்து ஷர்லி மேடம் வந்தாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, "அக்கா, டீ போடுங்க"ன்னாங்க. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. அவங்க பேப்பரை விரிக்குறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு.

இப்படியே இருந்துரும்னு நெனைக்காதீங்க, மாசாமாசம் சோதிக்கணும்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. சங்கமே அந்தச் செலவை எடுத்துக்கும்.

மார்ச் ரெண்டாந் தேதி ஞாயித்துக்கிழமை. மட்டித் திருவிழா. மட்டியோட. வா.

அக்கா


அன்னவாசல்,
4.3.2025

அக்கா,

நேத்து ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிச்சேன். இடுப்பு இன்னும் வலிக்குது. திருவிழா அன்னைக்கு நீ தண்ணியிலயும் நான் அடுப்புலயும் நின்னதுல ரெண்டு பேரும் சேந்து ஒரு வாய் காபி குடிக்கல. அதனால நீ பாக்காத பக்கத்தை நான் எழுதுறேன்.

அன்னவாசல்லேருந்து ரெண்டு வேன் நெறைய ஆளுங்களைக் கூட்டியாந்தேன்ல, அதுல டீச்சர் கைப்புள்ளையோட வந்திருந்தாங்க. மொதக் கிண்ணம் சூப் அவங்களுக்குத்தான். நானே கொண்டு போய்க் குடுத்தேன். ஊதி ஊதிக் குடிச்சாங்க. கிண்ணத்தை மறுபடி நீட்டினாங்க.

செவந்தியை நீ பாத்திருக்கணும். தெக்கே ஏதோ ஒரு கழிக்கரை ஊராம், அங்கிட்டுலேருந்து ஒரு பொம்பளைக் கூட்டம் வந்து அவளைச் சுத்தி நின்னுக்கிச்சு. "எங்க கழியும் இப்படித்தாங்க நாறுது. லாரியை எப்படி நிறுத்துனீங்க?"ன்னு கேக்குறாங்க. இவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "லாரி கெடக்கட்டும்ங்க. மொதல்ல ஒங்க வீட்டுக் குழாய் எங்கிட்டுப் போகுதுன்னு பாருங்க"ங்குறா. ஒரு வருசத்துக்கு முன்னாடி ஒன் வாசல்ல நின்னு கத்தினவளா இவன்னு இருந்துச்சு. அடுத்த வாரம் அவங்க ஊருக்கு வாரேன்னு சொல்லி நம்பரும் குடுத்துட்டா. ஒன்கிட்டச் சொன்னாளான்னு தெரியல. நீயும் கூடப் போவன்னு ஒனக்காகவும் சொல்லிட்டா.

மட்டி மத்தியானத்துக்குள்ள தீந்து போச்சு. இன்னும் எடுத்தா என்னன்னு நான் கேட்டேன். ஒங்க சங்கத்துப் பொம்பளைங்க என்னை மொறைச்ச மொறையில வாயை மூடிக்கிட்டேன். குஞ்சு மட்டியைத் தொடக்கூடாதாம். சரிதான்.

இதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன். இங்க அன்னவாசல்ல உடையப்பன் அய்யான்னு ஒரு கடலை வெவசாயி. மெஸ்ஸுக்கு வருவாரு, சாம்பார் சாதம் தின்னுட்டு, "அந்த நத்தையை என் எலை பக்கம் கொண்டாராதப்பா"ன்னுட்டுப் போவாரு. வேன்ல எடம் இருக்குன்னு கடல் பாக்க வந்தவரு. அன்னைக்கு என்ன தோணுச்சோ, பந்தியில உக்காந்துட்டாரு. மட்டிக் கறியை ஒரு வாய் வச்சாரு. அப்புறம் எலையைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் வைப்பா"ன்னாரு.

கை கழுவிட்டு நேரா அடுப்படிக்கு வந்தாரு. "ஏப்பா, போன வருசம் எங்க மட்டி சரியில்ல, யாரும் திங்காதீகன்னு தன் ஊரைப் பத்தித் தானே மைக்ல சொன்ன ஒரு அம்மாவைப் பத்தி மெஸ்ஸுல பேசிக்கிட்டாங்களே. அது யாரு? என் வயசுக்கு எத்தனையோ யாவாரியைப் பாத்துட்டேன். தன் சரக்கைத் தானே வேண்டாம்னு சொன்ன ஒருத்தரைப் பாத்ததில்ல. பாத்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்"னாரு.

நீ அப்பக் கழிக்குள்ள முழங்கால் தண்ணியில நிக்கிற. டவுன்லேருந்து வந்த பொம்பளைங்களுக்குக் காலால தடவி மட்டியைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்க. தண்ணி அடிமணல் தெரியுற மாதிரி இருக்கு. யாரோ ஒருத்தி ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டுக் கூவுறா, நீ கை தட்டிச் சிரிக்கிற.

நான் கரண்டியை நீட்டிக் காமிச்சேன். "அந்தா, தண்ணிக்குள்ள நிக்கிறாங்களே, அவங்கதான் அய்யா. எங்க அக்கா."

கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. அடுப்படியில இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு இன்னொரு தடவையும் சொன்னேன்.

தம்பி,
ஆனந்து